பன்னிரண்டாவது கையொப்பம்

ஹம்பேர்க்
28 ஜனவரி 2008

அன்புள்ள சுந்தரேஸ்வரி அக்காவுக்கு,

அஜிதா எழுதுகிறேன். டோர்ட்மண்ட் அகதி விடுதியில் உங்கள் அறைக்கு எதிர் அறையில் இருந்த தம்பித்துரையின் மகள். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகள் என்றால் உடனே ஞாபகம் வரும். பத்து வருடமாக உங்களோடு கதைக்காதவள். பொங்கல் விழா மேடையில் வசனத்தை மறந்து நான் இறங்கி ஓடியபோது, "உன்னாலை ஒண்டும் ஏலாது, போ" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. ஆனாலும் அதை எழுதாமல் மற்றதைத் தொடங்க முடியவில்லை.

நான் இப்போது கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நிதியத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா கடையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் "மகள் ஹம்பேர்க்கிலை ஒபீஸிலை இருக்கிறா" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறாராம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகுதான் நிரந்தரம்.

இந்த வருடத்தை ஐரோப்பா முழுவதும் பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடலின் ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் நாடகக் குழுவைப் போன்ற சிறு குழுக்களுக்கும் இந்தமுறை உதவி கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் கலை என்பது எண்ணக்கூடிய ஒன்று. எத்தனை பேர், எத்தனை மாலை, எத்தனை சதுர மீற்றர். பன்னிரண்டு பேர் இருந்தால் அது குழு. பதினொரு பேர் என்றால் நண்பர்கள் கூடிக் கதைப்பது.

தமிழ் தெரிந்தவள் என்று உங்கள் 'காத்திருப்பு அறை' நாடகத்தின் கோப்பை என் மேலாளரான பெண்மணி, ப்ராவ் லோரென்ஸ், என்னிடம் தந்தார். எனக்கு உங்களைத் தெரியும் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

கோப்பில் பத்தொன்பது வெள்ளிக்கிழமைகளின் வருகைத் தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு கையொப்பம். மிருதங்கம் வாசிக்கும் அல்பேர்ட் அண்ணை, யோசப்பீன் அக்கா, புஸ்பவதி மாமி என்று பதினொரு பேரை எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது பெயர் ரகுநாதன். அவருடைய முகவரி உங்கள் முகவரி. எல்லோரும் ஜேர்மன் எழுத்தில் ஒப்பமிட்டிருக்க, அவர் மட்டும் தமிழில் இட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதாக அம்மாவுக்கும் தெரியவில்லை.

அவர் யார் அக்கா? தொலைபேசியில் கேட்டிருக்கலாம். அறையில் நான்கு பேர் இருக்கிறோம். நான் தமிழில் கதைக்கத் தொடங்கினால் மற்ற மூவரும் தட்டெழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அஜிதா


டோர்ட்மண்ட்
3 பெப்ரவரி 2008

அஜிதா பிள்ளைக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை கோபத்தோடு வாசித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இருந்து வாசித்தேன். மேடையில் நிற்கத் தெரியாத பிள்ளை இப்போது மேடையில் நிற்கிறவர்களை எண்ணுகிறாய். நல்லது. அன்றைக்கு நான் சொன்னது பிழைதான். ஆனால் நீ ஓடியதும் பிழைதான்.

ரகுநாதன் என் தம்பி. எனக்குப் பத்து வயது இளையவன். 1996 ஆடி மாதம் கொக்குவிலில், காலையில் வேலைக்குப் புறப்பட்டவனைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நாங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. வருடாவருடம் திவசமும் இல்லை. செய்தால், அவன் இல்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும்.

விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு ஆள் குறைந்தது. அல்பேர்ட் சொன்னான்: "ஆரையாவது போட்டு விடுங்கோ அக்கா. உந்தச் சனம் டோர்ட்மண்டுக்கு வந்து தலை எண்ணப் போகுதே?" நான் இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் படிவம் நிரப்புகிறேன். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொன்றிலும் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'ரகுநாதன், வதிவிடம் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது வரிக்கு வந்தபோது கை தானாக அந்தப் பெயரை எழுதிவிட்டது. வதிவிடத்துக்கு என் முகவரியைப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்த களவு. நாடகத்திலும் வசனம் இல்லாத ஒரு பாத்திரம் இருக்கிறது. அலுவலகத்தில் கடைசிவரை இலக்கம் கூப்பிடப்படாமல் இருக்கும் ஆள். அதற்கு ஒரு வெறும் கதிரை போதும்.

ஆனால் பிள்ளை, கையொப்பம் நான் வைக்கவில்லை. வருகைத் தாள் கைமாறிக் கைமாறிப் போகும். முடிவில் அதை மடித்து உறையில் போடுவது மட்டும்தான் என் வேலை. நான் அதை வாசிப்பதுகூட இல்லை. பத்தொன்பது தாளிலும் ஒருவன் ஒப்பமிட்டிருக்கிறான் என்றால் அது அல்பேர்ட்டின் விளையாட்டு. ஒரு பிரதி எடுத்து அனுப்பு. காதைத் திருகிக் கேட்கிறேன்.

சுந்தரேஸ்வரி


ஹம்பேர்க்
9 பெப்ரவரி 2008

அன்புள்ள அக்கா,

கோப்பிலிருந்து ஒரு தாளையும் வெளியே அனுப்பக் கூடாது. இதனுடன் மூன்று தாள்களின் பிரதியை வைத்திருக்கிறேன். பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது என் காது சுட்டது.

அல்பேர்ட் அண்ணையின் காதைத் திருகுவதற்கு முன்னால் நான் கவனித்ததை எழுதுகிறேன்.

மனிதர்கள் இரண்டு தடவை ஒரே மாதிரி ஒப்பமிட மாட்டார்கள். யோசப்பீன் அக்கா அவசரமாக இருந்த நாட்களில் கடைசி எழுத்துகளை விழுங்கியிருக்கிறார். புஸ்பவதி மாமிக்குக் கைநோவு இருந்த மாதம் தாளிலேயே தெரிகிறது. ரகுநாதன் என்ற கையொப்பம் மட்டும் மாறவில்லை. செப்டெம்பர் தாளையும் ஜனவரித் தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒரே கோடாகிவிட்டன. மயிரிழை விலகல்கூட இல்லை. பத்தொன்பதையும் அப்படிப் பார்த்தேன்.

முத்திரை குத்தியதாகவோ பிரதி எடுத்ததாகவோ இருக்கலாம் என்று நினைத்துத் தாளைத் திருப்பித் தடவினேன். பின்பக்கம் எழுத்து புடைத்திருக்கிறது. பேனையை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதியது.

இன்னொன்று. வந்த நேரம் என்ற பத்தியில் எல்லோரும் ஆறு மணிக்குப் பிறகு எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எப்போதும் 17.40. மண்டபத்தின் ஒப்பந்தத்தில், கதவு திறப்பது ஆறு மணிக்கு என்று இருக்கிறது. போன நேரம் என்ற பத்தி பத்தொன்பது தாளிலும் வெறுமையாக இருக்கிறது.

யாராவது விளையாடுகிறார் என்றால் மிகவும் பொறுமையான ஆள் அக்கா.

அஜிதா


டோர்ட்மண்ட்
24 பெப்ரவரி 2008

அஜிதா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. பிரதி கிடைத்த நாளில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

1995 இல் ரகு எனக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து, நீ செய்தது போல யன்னலில் பிடித்துப் பார்த்தேன். அதற்குமேல் எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு எல்லோரும் வந்தபிறகு தாளைக் காட்டிக் கேட்டேன். அல்பேர்ட் தலையில் கைவைத்தான். "அக்கா, சத்தியமா நானில்லை. என்ரை கையெழுத்தே எனக்கு ஒழுங்கா வராது."

யோசப்பீன் சொன்னாள்: "நான் நீங்கள் எண்டெல்லோ நினைச்சன். தாள் என்னட்டை வரேக்கை அந்த வரி எப்பவும் நிரம்பித்தான் கிடக்கும்."

"உன்னட்டை ஆர் தாறது?"

"அல்பேர்ட்."

"எனக்கு ஒருத்தரும் தாறேல்லை," என்றான் அல்பேர்ட். "நான் வரேக்கை தாள் கதிரையிலை கிடக்கும். நான்தான் முதல் ஆள்."

மண்டபத்துக் காவலாளர் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துப் பன்னிரண்டு கதிரை போடுவார். ஒன்று வெறுமையாக இருக்கும். சனம் அதில் கோட்டுகளைக் குவிக்கும். சில மாதமாக அதில் ஒரு கோட்டும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். புஸ்பவதிதான் சொன்னா. "நான் அதிலை இப்ப போடுறேல்லை. திரும்ப எடுக்கேக்கை கோட் சூடாக் கிடக்கு."

"ஹீற்றருக்குப் பக்கத்திலை கிடந்தால் சூடாத்தானே இருக்கும் மாமி," என்றான் அல்பேர்ட்.

"ஹீற்றர் மற்றப் பக்கச் சுவரிலையடா, விசரா."

அன்றைக்கு ஒத்திகை நல்லாக இருந்தது. எங்கள் குழு அவ்வளவு நல்லாக நடித்ததை நான் கண்டதே இல்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று நினைக்கும்போது நடிப்பு வந்துவிடும்போல.

சுந்தரேஸ்வரி


ஹம்பேர்க்
1 மார்ச் 2008

அன்புள்ள அக்கா,

இதை வாசித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். மார்ச் 14, வெள்ளிக்கிழமை, உங்கள் ஒத்திகையைப் பார்க்க எங்கள் அலுவலகத்திலிருந்து வருகிறோம். ப்ராவ் லோரென்ஸும் நானும். இரண்டு பேர் போக வேண்டும். இருவரும் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டும். இரண்டும் பொருந்த வேண்டும். நான்கு கண் விதி என்று இங்கே சொல்வார்கள். ஒரு ஆளின் கண்ணை இந்த நாடு நம்பாது.

வருபவர்களை எண்ணுவதுதான் முதல் வேலை. தயவுசெய்து இந்தக் கிழமையே ஒரு கடிதம் அனுப்புங்கள். ரகுநாதன் குழுவிலிருந்து விலகிவிட்டார், அவருக்குப் பதில் இன்னார் சேர்ந்திருக்கிறார் என்று இரண்டே வரி போதும். யாராவது ஒருவரைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் இருத்துங்கள். வசனம் இல்லாத பாத்திரம்தானே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

இல்லாவிட்டால் எனக்கு இரண்டே வழி. பதினொன்று என்று எழுதினால் உங்கள் நாடகம் போய்விடும். பன்னிரண்டு என்று எழுதினால் நான் பொய் எழுதியவள். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன் அக்கா. அப்பா என் முதல் சம்பளத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த மண்டபத்துக்கு வர எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

அஜிதா


டோர்ட்மண்ட்
6 மார்ச் 2008

அஜிதா,

நீ கேட்டதை நான் செய்ய மாட்டேன்.

அந்தியேட்டி செய்ய மாட்டோம் என்று இருக்கும் என்னிடம், அவன் விலகிவிட்டான் என்று என் கையால் எழுதச் சொல்கிறாய். இரண்டு வரி என்று வேறு சொல்கிறாய்.

கொஞ்சம் கேள். அவனைக் கொண்டுபோன பிறகு அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. அங்கே ஒரு புத்தகத்திலும் அவன் பெயர் இல்லை. பிடித்ததாகவும் இல்லை, விட்டதாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. அப்படி ஒரு ஆளை நாங்கள் காணவே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவன் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் 'வந்திருந்தார்' என்று போட்ட ஒரே அரசாங்கத் தாள் உன் மேசையில் இருக்கும் அந்தக் கோப்புத்தான். உனக்கு அது விதிமுறை. எனக்கு அது வேறு.

அவன் எங்கிருந்து, எப்படி வருகிறான் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் போவதும் இல்லை. ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் அந்தக் கதிரைக்கு என் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒத்திகையை நடத்துகிறேன். என் முதுகுக்குத் தெரிகிறது. அது எனக்குப் போதும்.

நீ வா. வந்து எண்ணு. நீ கண்டதை எழுது. பொய் எழுது என்று நான் கேட்கவில்லை. ஆனால் பன்னிரண்டு என்று எழுத உனக்கு முடியுமாக இருந்தால், அந்த அறிக்கையின் ஒரு பிரதியை, முத்திரையோடு, எனக்கு அனுப்பு. நான் இதுவரை ஒருவரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

சுந்தரேஸ்வரி


ஹம்பேர்க்
16 மார்ச் 2008

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை நான் உங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் திரும்பியதற்கு மன்னிக்க வேண்டும். ப்ராவ் லோரென்ஸ் பக்கத்தில் இருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையை என் கையில் தந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் நடந்ததைச் சொல்கிறேன். ப்ராவ் லோரென்ஸுக்கு அறுபது வயது. எதையும் கூட்டிச் சொல்லாதவர். அலுவலகத்தில் பிறந்தநாள் கேக்கை அளந்து வெட்டுவது அவர்தான். ரயிலில், பீலெஃபெல்ட் தாண்டியதும், தன் அறிக்கையை எழுதி முடித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தார்.

"உங்களுக்கும் பன்னிரண்டுதானே?" என்று கேட்டார். நான் இன்னும் எழுதவில்லை என்றேன்.

"அந்த அமைதியான மனிதர் நல்லவர்," என்றார். "கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மார்ச் மாதக் குளிரில் அரைக்கை வெள்ளைச் சட்டையோடு. குளிரவில்லையா என்று கேட்டேன், சிரித்தார். ஆனால் வருகிற இடத்துக்குக் கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம்." தன் கோப்பைத் திருப்பிக் காட்டினார். மட்டையின் ஓரத்தில் கறுப்பாக விரல் அடையாளம் மூன்று. நான் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை. மணந்து பார்த்தேன். அப்பாவின் சைக்கிளைத் திருத்தும்போது வரும் மணம். அது இன்னும் காயவில்லை.

அக்கா, நானும் அந்த மண்டபத்தில் எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். எனக்கு வந்த எண்ணிக்கையை இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை.

என் அறிக்கைக்கு ஏப்ரல் நான்கு வரை நேரம் இருக்கிறது. ப்ராவ் லோரென்ஸ் எழுதிய அதே எண்ணை எழுதி ஒப்பமிட்டால் போதும். நான் பொய் எழுத வேண்டிய தேவையே வராது. நீங்கள் கேட்ட தாள் உங்களுக்குக் கிடைக்கும். முத்திரையோடு.

அஜிதா


டோர்ட்மண்ட்
20 மார்ச் 2008

அஜிதா,

ஒப்பமிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை ஒன்றும் செய்யாதே என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசி எடுத்தேன், உன் அலுவலகத்தில் ஒருவர் ஜேர்மனில் கேட்டதும் வைத்துவிட்டேன்.

அந்தக் காலையை அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறா. புறப்படும் நேரத்தில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. ரகு அதைப் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போக நேரமில்லை, வேலைக்குப் போய்க் கழுவுகிறேன் என்று கறுப்புக் கையோடு ஏறிப் போனான். வெள்ளை அரைக்கைச் சட்டை. "சட்டையிலை பூசாதை எண்டு சொன்னன்," என்று அம்மா ஒவ்வொரு தடவையும் முடிப்பா. அதுதான் அவ அவனுக்குச் சொன்ன கடைசிச் சொல்.

பிள்ளை, உயிரோடு இருக்கிறவன் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது கையைக் கழுவியிருப்பான். சட்டையை மாற்றியிருப்பான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது ஆகியிருக்கும், கையெழுத்துக்கும் ஆகியிருக்கும். நீ அந்தக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவனுக்கு அந்தக் காலைக்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை.

அவன் இருக்கிறான் என்பதற்கு ஒரு தாள் கேட்டேன். நீ அனுப்ப இருக்கிற தாள் மற்றதற்குத்தான் அத்தாட்சி. அங்கே ஒரு அரசாங்கமும் எழுதாத மரணச் சான்றிதழை நானே விண்ணப்பம் போட்டு இங்கே எடுக்கப் போகிறேன். உயிரோடு இருக்கிற என் தம்பி விசா இல்லாமல் டோர்ட்மண்டில் வந்து இருக்க மாட்டான். அவன் இங்கே வந்திருக்கிறான் என்றால் வேறெங்கும் இல்லை.

ஆகையால் பதினொன்று என்று எழுது. மண்டபத்தில் பதினொரு பேர்தான் என்றால் அவன் எங்கோ இருக்கலாம். ஒரு சிறையில், ஒரு காட்டில், பெயர் மறந்துபோய் ஒரு கடையில். நாடகம் போகட்டும். உனக்கு இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

அன்றைக்கு நீ என்ன கண்டாய் என்று எனக்கு எப்போதும் எழுதாதே. பதினொன்று என்று மட்டும் எழுது.

சுந்தரேஸ்வரி


ஹம்பேர்க்
11 ஏப்ரல் 2008

அன்புள்ள அக்கா,

பதினொன்று.

நான்காம் திகதி என் அறிக்கையைக் கொடுத்தேன். அன்று பின்னேரமே ப்ராவ் லோரென்ஸ் என்னைக் கூப்பிட்டு, இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கும் அவர்தானே கதவைப் பிடித்தார்?" என்றார்.

"எனக்கு ஒருவரும் பிடிக்கவில்லை."

"உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்."

"அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது."

அவர் இரண்டு அறிக்கைகளின் ஓரத்தையும் நேராக்கினார். பிறகு மெதுவாக, "என் கண் பிழை என்று நான் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். அதற்குப் பதிலாக உண்மையான வேறொன்றைச் சொன்னேன். உங்களைச் சிறுவயதிலிருந்து தெரியும், ஜனவரியிலிருந்து உங்களோடு கடிதத் தொடர்பு, தாள்களின் பிரதியை வெளியே அனுப்பினேன், பன்னிரண்டாவது பெயருக்கு உரியவர் நாட்டிலேயே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே மூச்சில், நின்றபடி சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை.

அவர் தன் அறிக்கையைக் கிழிக்கவில்லை. எண்ணிக்கையைக் கோடிட்டு அடித்து, மேலே பதினொன்று என்று எழுதி, ஒப்பமிட்டார். "நான் அவரோடு கதைத்தேன்," என்று யன்னலைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் இப்போது கதவுகளில் யாராவது நின்றால் அவர் உள்ளே போகாமல் காத்திருக்கிறார்.

உங்கள் குழுவுக்கான உதவி நிறுத்தப்படுகிறது. அலுவலகக் கடிதம் தனியாக வரும். தந்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ப்ராவ் லோரென்ஸ் அதற்காக வாதாடினார். என்னை நிரந்தரமாக்கவில்லை. மாதக் கடைசியோடு முடிகிறது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு புத்தகக் கடையில் பகுதிநேர வேலைக்குக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் வருந்த வேண்டாம். நான் எழுதியதை யாரும் எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் யோசித்து எழுதினேன்.

அஜிதா


டோர்ட்மண்ட்
27 ஏப்ரல் 2008

என் அஜிதாவுக்கு,

அலுவலகக் கடிதம் வந்தது. 'பங்குபற்றியோர் பதினொருவர் மட்டுமே என்பதால்' என்று தொடங்குகிறது. அதை வாசித்துவிட்டு அல்பேர்ட் கெட்ட வார்த்தை சொன்னான். நான் அதை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் இரண்டு தடவை எடுத்து வாசித்தேன்.

உன் வீட்டுக்குப் போனேன். நீ சொல்லுமுன் உன் அப்பா வேறு வாயால் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். "என்ரை பிள்ளை களவெடுத்தவளே?" என்று அந்த மனிதர் வாசலிலேயே கேட்டார். "இல்லை அண்ணை. களவெடுத்தது நான்," என்றேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. உன் அம்மா அழுதா. ஆனால் உன்னை ஏசவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்துக் கதை.

மண்டபம் இனி இல்லை. நாடகத்தைத் தமிழ்ப் பாடசாலை வகுப்பறையில் போடுகிறோம், மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு. இலக்கம் கூப்பிடப்படாத அந்த ஆளை நாடகத்திலிருந்து வெட்டிவிட்டேன். யோசப்பீனுக்கு அதில் விருப்பமில்லை. "அவர் இல்லாட்டி நாங்கள் எல்லாம் சும்மா இருக்கிற மாதிரி இருக்கு அக்கா," என்றாள். பதினொரு கதிரைதான் போடுகிறோம். நடிப்பும் பழையபடி சுமாராகிவிட்டது.

கடைசி வெள்ளி, மண்டபத்தில் இருந்த எங்கள் சாமான்களை எடுப்பதற்கு நான் தனியாகப் போனேன். அரை மணித்தியாலம் முந்தி, ஐந்தரைக்கே போய்விட்டேன். காவலாளர் கதவைத் திறந்து விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

மறுநாள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய், காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் தம்பியின் பெயரைப் புதிதாகப் பதிந்தேன். மீண்டும் ஒரு படிவம். பெயர், பிறந்த திகதி, அடையாளங்கள். கடைசியில் ஒரு கேள்வி: அவரை நீங்கள் இறுதியாகக் கண்டது எப்போது, எங்கே?

பேனை அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 1986, யாழ்ப்பாணம், நான் நாட்டை விட்டுப் புறப்பட்ட நாள் என்று எழுதினேன்.

உன்னிடம் யாராவது கேட்டால், நீ அவரைக் கண்டதே இல்லை.

சுந்தரேஸ்வரி